சின்னக் கடையை யார் தேடி வரப்போகிறார்கள்? கம்பம், குமுளி, போடி வியாபாரிகளுக்கு ஒரு விரிவான பதில்

கேள்வி இதுதான். கம்பத்தில் ஏலக்காய் வாங்கி விற்கும் கடை, குமுளியில் ஒரு குடோன், மொத்தம் ஆறு பேர் வேலை பார்க்கிறார்கள். "எங்களை மாதிரிச் சின்னக் கடையை எந்த ஹேக்கர் தேடி வரப்போகிறான்? ஆன்டிவைரஸ் போட்டிருக்கிறோம், அது போதாதா? வீட்டில் அப்பாவுக்குத்தான் சிபிஐ, டிராய் (தொலைத்தொடர்பு ஆணையம்) என்று சொல்லி போன் வந்துகொண்டே இருக்கிறது. அதற்கு என்ன செய்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆன்டிவைரஸ் போதாது. இந்த மலையடிவாரத்துக் கடைகளுக்குக் கணினி, நெட்வொர்க் வேலை பார்த்துக் கொடுப்பவன் என்ற முறையில் இதை உறுதியாகச் சொல்வேன். உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் கொடுத்த கணக்குப்படி, இணைய மோசடிகளில் இந்தியர்கள் 2023ல் இழந்தது 7,465 கோடி ரூபாய். 2024ல் அது 22,845 கோடி. ஒரே வருஷத்தில் மூன்று மடங்கு. அந்த ஒரு வருஷத்தில் நம் கணினிகளில் ஓட்டை மூன்று மடங்காகப் பெருகிவிடவில்லை. பூட்டை உடைக்கிற வேலை குறைந்து, வீட்டுக்காரரே கதவைத் திறந்துவிடும்படி பேசுகிற வேலை கூடியிருக்கிறது. உரியவரே தன் கையால், தன் பின் நம்பரைப் போட்டு அனுப்பும் பணத்தை எந்த ஆன்டிவைரஸும் தடுக்காது.

அதனால் எந்தக் கடைக்குப் போனாலும் நான் முதலில் கேட்பது ஒன்றைத்தான். "பணம் அனுப்பு" என்று ஒரு தகவல் வந்ததிலிருந்து பணம் கிளம்புகிறவரை நடுவில் யார் யார் இருக்கிறார்கள்? அந்தத் தகவல் உண்மைதானா என்று, அது வந்த வழியில் இல்லாமல் வேறொரு வழியில் யாராவது கேட்கிறார்களா? பெரும்பாலான கடைகளில் பதில், "இல்லை, வாட்ஸ்அப்பில் வரும், பையன் போட்டுவிடுவான்" என்பதுதான். நம் வட்டாரத்துக் கடைகளின் பெரிய பலவீனம் இது. கீழே சொல்வதில் பாதிக்கு மேல் இதைச் சுற்றித்தான் வரும்.

சின்னக் கடையை யார் தேடி வருவான் என்பதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். யாரும் தேடி வருவதில்லை. லட்சக்கணக்கான மெயில் முகவரிகளுக்கு ஒரே நேரத்தில் பொறி வைக்கிறார்கள், இணையத்தில் திறந்து கிடக்கும் கணினிகளை மென்பொருளே இரவும் பகலும் தட்டிப் பார்க்கிறது. எது திறக்கிறதோ அதற்குள் போய், உள்ளே என்ன இருக்கிறது என்று பிறகு பார்க்கிறார்கள். உங்கள் கடை பார்வைக்குச் சின்னது. ஆனால் இன்றைய விலைக்குப் பத்து மூட்டை காய் என்றாலே பத்து லட்சத்தைத் தாண்டிவிடும். புத்தடியிலும் போடியிலும் ஸ்பைசஸ் போர்டு ஏலத்தில் எடுத்த காய்க்கும், வடக்கே அனுப்பிய காய்க்கும் வங்கிக்கு வங்கி பெருந்தொகை அனுப்பும் ஆர்டிஜிஎஸ்ஸில் பணம் போவதும் வருவதும் அன்றாடம். ஒரு தனிநபரை ஏமாற்றி ஐம்பதாயிரம் எடுப்பதைவிட இது அவர்களுக்கு எவ்வளவோ மேல்.

இந்தப் பக்கத்து வியாபாரி ஒருவருக்கு நடந்ததைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், எப்படி நடக்கிறது என்பது அப்போதுதான் புரியும். வடமாநிலத்துப் பார்ட்டி ஒருவருக்கு அவர் காய் அனுப்பியிருந்தார். பில் மெயிலில் போனது. மறுநாள் அதே மெயிலுக்குப் பதிலாக, அதே தொடர்ச்சியில், அவர் முகவரியிலிருந்தே இன்னொரு மெயில் அந்தப் பார்ட்டிக்குப் போயிருக்கிறது: "எங்கள் கணக்கு தணிக்கையில் இருக்கிறது, இந்த முறை மட்டும் இந்தக் கணக்கில் போடுங்கள்." கூடவே பில்லின் பிடிஎஃப். லெட்டர்ஹெட் அதே, ஜிஎஸ்டி எண் அதே, லாட் எண், மூட்டைக் கணக்கு, எடை, விலை எல்லாம் அதே. மாறியிருந்தது கணக்கு எண்ணும் ஐஎஃப்எஸ்சி எண்ணும் மட்டும். பார்ட்டி பணத்தைப் போட்டுவிட்டு, "போட்டாச்சு" என்று பதில் மெயிலும் அனுப்பினார். அந்தப் பதில் நம் ஆள் கண்ணில் படவே இல்லை.

ஏன் படவில்லை என்பதுதான் முக்கியம். அவருடைய ஜிமெயில் செட்டிங்ஸைத் திறந்து ஃபில்டர் பகுதியைப் பார்த்தபோது, அந்தப் பார்ட்டியின் முகவரியிலிருந்து வரும் மெயில் எதுவும் இன்பாக்ஸுக்கு வராமல் நேராகக் குப்பைத் தொட்டிக்குப் போகும்படி ஒரு விதி எழுதி வைத்திருந்தார்கள். அவர் அந்தப் பக்கத்தை அதற்கு முன் திறந்ததே இல்லை. வேறு ஏதோ தளத்தில் பயன்படுத்திய அதே பாஸ்வேர்டைத்தான் மெயிலுக்கும் வைத்திருந்தார். இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு, அதாவது பாஸ்வேர்டுக்கு மேல் போனிலும் ஒப்புதல் கேட்பது, இல்லை. உள்ளே வந்தவர்கள் அவசரப்படாமல் மெயில்களைப் படித்து, யாரிடம் எவ்வளவு வரவேண்டியிருக்கிறது என்று தெரிந்துகொண்டு, பெரிய பில் ஒன்றுக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். கணினியில் வைரஸ் என்று எதுவும் இல்லை.

ஆகவே இன்று இரவே செய்ய வேண்டியது: கடை மெயிலின் செட்டிங்ஸைத் திறந்து ஃபில்டர், ஃபார்வர்டிங் இரண்டையும் பாருங்கள். நீங்கள் எழுதாத விதி ஏதாவது இருந்தால் அழித்துவிட்டு, பாஸ்வேர்டை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறுங்கள். இரண்டாம் கட்டச் சரிபார்ப்பைப் போடுங்கள், பாஸ்வேர்டுக்குப் பதில் போனின் கைரேகையோ பூட்டோ வைத்துத் திறக்கும் பாஸ்கீ வைத்துக்கொள்ள முடிந்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் அதைப் போலிப் பக்கத்தில் தட்டச்சு செய்து பறிகொடுக்க வழியில்லை. மீட்பு எண்ணாக எந்த போன் நம்பர் இருக்கிறது என்றும் பாருங்கள். வேலையை விட்டுப்போன பையனின் நம்பர் அங்கே இருப்பதைப் பல கடைகளில் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, பணம் போடும் பக்கம். ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி 2025 ஏப்ரல் முதல் ஆர்டிஜிஎஸ், நெஃப்ட் அனுப்பும்போது கணக்குக்காரர் பெயரை முன்கூட்டியே பார்க்கும் வசதியை வங்கிகள் நெட் பேங்கிங்கிலும் கிளையிலும் கொடுக்கின்றன. அதற்கு முன்பெல்லாம் கணக்கு எண் சரியாக இருந்தால் போதும், பெயர் எதைப் போட்டாலும் பணம் போய்விடும். இந்த வசதி எத்தனையோ பேரைக் காப்பாற்றக்கூடியது, ஆனால் நம் கடைகளில் அந்தப் பெயரைப் படிக்காமலே அடுத்த பட்டனை அழுத்துகிறார்கள். கடைப் பெயர் வர வேண்டிய இடத்தில் சம்பந்தமே இல்லாத ஒரு தனிநபர் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஒரு ரூபாய் போட்டுப் பார்ப்பது பாதுகாப்பு என்று நினைக்காதீர்கள். கணக்கு உயிரோடு இருக்கிறது என்பது மட்டும்தான் அதில் தெரியும்.

கணக்கு எண் மாறியதாகத் தகவல் வந்தால், உங்கள் போனில் முன்பே சேமித்து வைத்திருக்கும் நம்பருக்கு அழைத்துப் பேசுங்கள். மெயிலில் கொடுத்திருக்கும் நம்பருக்கு வேண்டாம், அந்த வாட்ஸ்அப்பிலேயே "நிஜமா?" என்று கேட்கவும் வேண்டாம். உங்கள் பில்லின் அடியில் "எங்கள் வங்கிக் கணக்கு மாறினால் மெயிலிலோ வாட்ஸ்அப்பிலோ சொல்ல மாட்டோம், போனில் அழைத்துச் சொல்வோம்" என்று ஒரு வரி அச்சடித்துவிடுங்கள். புதுக் கணக்கைச் சேர்ப்பதென்றால் இரண்டு பேர் பார்க்க வேண்டும் என்று கடையில் ஒரு வழக்கத்தைக் கொண்டுவாருங்கள். நடப்புக் கணக்கு நெட் பேங்கிங்கில் ஒருவர் போட்டு இன்னொருவர் ஒப்புதல் தரும் ஏற்பாடு இருக்கும், வங்கியில் கேட்டால் செய்து கொடுப்பார்கள்.

குரலையும் முகத்தையும் வைத்து நம்பும் காலம் முடிந்துவிட்டது. 2023 ஜூலையில் கோழிக்கோட்டில் ஓய்வுபெற்ற ஒருவருக்குப் பழைய சக ஊழியர் முகத்தோடு வாட்ஸ்அப் வீடியோ அழைப்பு வந்தது. ஆஸ்பத்திரிச் செலவுக்கு என்று கேட்டதும் 40,000 ரூபாய் அனுப்பினார். அது செயற்கை நுண்ணறிவால் செய்த முகம். 2024ல் ஹாங்காங்கில் ஆரப் என்ற பிரிட்டிஷ் பொறியியல் நிறுவனத்தின் ஊழியர், வீடியோ கூட்டத்தில் தன் மேலதிகாரிகளைப் பார்த்து, பேசி, அவர்கள் சொன்னபடி சுமார் இரண்டரைக் கோடி அமெரிக்க டாலரை அனுப்பினார். அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களில் அவர் ஒருவர் மட்டும்தான் நிஜம். முன்பு மோசடிக்காரனைக் கண்டுபிடிக்க நமக்கு ஒரு வழி இருந்தது: அரைகுறை இந்தி, பிழையான ஆங்கிலம். இப்போது நல்ல தமிழில் எழுதுகிறார்கள், குமுளிப் பக்கம் என்றால் மலையாளத்திலும் எழுதுகிறார்கள். "அண்ணே, நான்தான், புது நம்பர்" என்று உங்கள் தம்பி குரலிலேயே பேச வைக்கவும் முடியும். வீட்டிலும் கடையிலும் உங்களுக்குள் ஒரு சொல்லைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். அவசரப் பணம் யார் கேட்டாலும் அந்தச் சொல்லைக் கேளுங்கள்.

ஓடிபி விஷயத்தில் நம் எல்லைக்கென்றே ஒரு பழக்கம் உண்டு. குமுளியிலோ போடிமெட்டிலோ சரக்கு தாண்டுவதற்கு இ-வே பில், அதாவது சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி மின்னணுச் சீட்டு, போட வேண்டும். 2025 ஏப்ரல் முதல் எல்லா வரிதாரர்களுக்கும் அந்தத் தளத்தில் ஓடிபி கட்டாயம். முதலாளி நம்பருக்கு ஓடிபி வரும், முதலாளி தோட்டத்தில் இருப்பார், குடோன் பையன் கேட்பான், அவர் கடை வாட்ஸ்அப் குழுவில் தட்டிவிடுவார். நாளடைவில் "ஓடிபி வந்தா குரூப்பில் போடு" என்பதே வழக்கமாகிவிடுகிறது. அந்தக் குழுவில் ஒருவன் போன் பறிபோனால், வங்கி ஓடிபியையும் இதே மாதிரிக் கேட்டு வாங்கிவிடலாம். இ-வே பில் தளத்திலேயே ஒவ்வொரு ஊழியருக்கும் தனித்தனி துணைப் பயனர் உருவாக்கும் வசதி இருக்கிறது. ஓடிபி அவரவர் நம்பருக்குப் போகும், யார் எந்தப் பில்லைப் போட்டார்கள் என்பதும் தெரியும். அதேபோல ஜிஎஸ்டி பதிவில் உங்கள் நம்பரும் மெயிலும் இருக்கிறதா, கணக்கு எழுதுபவருடையது இருக்கிறதா என்று பாருங்கள். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், உங்கள் வரிக் கணக்கின் சாவி உங்களிடம் இருப்பதே முறை.

சிக்னல் விஷயமும் நம் ஊருக்கே உரியது. உங்கள் பெயரில் போலி ஆவணம் கொடுத்து நகல் சிம் வாங்கினால், உங்கள் போனில் நெட்வொர்க் சட்டென்று போய்விடும். மற்ற ஊர்க்காரர்கள் உடனே பதறுவார்கள். நாம் மலைப்பாதையில் ஏறி இறங்குகிறவர்கள், சிக்னல் போனால் கண்டுகொள்வதே இல்லை. கம்பத்துக்கு இறங்கிய பிறகும், அதே நிறுவனத்து சிம் வைத்திருக்கும் பக்கத்து ஆளுக்கு சிக்னல் இருந்து உங்களுக்கு மட்டும் இல்லை என்றால், வேறு போனிலிருந்து வாடிக்கையாளர் மையத்துக்கும் வங்கிக்கும் அப்போதே அழையுங்கள். கேரள சிம் ஒன்று, தமிழ்நாட்டு சிம் ஒன்று என்று வைத்திருப்பவர்கள், வங்கியில் பதிந்த நம்பர் எது என்று எழுதி வையுங்கள். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட பழைய நம்பர் வேறொருவருக்குப் போய்விடும், அதோடு அந்த ஓடிபிகளும் போகும். உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்பதை மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்த்து, உங்களுடையது இல்லாததை முடக்கலாம்.

இனி கணினி. கணக்கு எழுதும் டேலி மென்பொருள் இருக்கும் கணினியை ஆடிட்டர் ஆபீசிலிருந்தோ வீட்டிலிருந்தோ பார்க்க வேண்டும் என்று, தூரத்திலிருந்தே கணினியை இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப்பை இணையத்துக்கு நேராகத் திறந்துவிட்டு, பாஸ்வேர்டாகக் கடைப் பெயரோடு 123 போட்டு வைக்கிறார்கள். திருட்டு நகல் விண்டோஸ், கிராக் செய்த டேலி வேறு. சின்ன நிறுவனங்களுக்குள் ரான்சம்வேர் நுழையும் பெரிய வாசல்களில் இவை இரண்டும் உண்டு. உள்ளே வந்தால் எல்லாக் கோப்புகளையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்பார்கள். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரான்சம்வேர் பரவியபோது பாலக்காடு ரயில்வே கோட்ட அலுவலகக் கணினிகளும் வயநாட்டில் ஒரு பஞ்சாயத்து அலுவலகக் கணினிகளும் மாட்டின. 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரி நாள்கணக்கில் பேனாவும் காகிதமுமாக ஓட வேண்டியிருந்தது. இங்கிலாந்தில் கேஎன்பி என்ற லாரிப் போக்குவரத்து நிறுவனம், 158 வருஷப் பழமை, 700 பேருக்கு வேலை கொடுத்தது, ஒரு ஊழியரின் எளிய பாஸ்வேர்டை யூகித்து உள்ளே வந்தவர்களால் இழுத்து மூடப்பட்டது.

இதற்கு மருந்து பேக்கப்தான், அதுவும் கணினியிலிருந்து பிரித்து வைத்த பேக்கப். ஹார்டு டிஸ்க்கை எப்போதும் சொருகியே வைத்திருந்தால், கணினியோடு சேர்ந்து அதுவும் பூட்டிக்கொள்ளும். தினமும் கடை அடைக்கும்போது டேலி பேக்கப் எடுத்து, டிஸ்க்கைக் கழற்றி, பீரோவில் வையுங்கள். வாரம் ஒரு நகல் வேறு இடத்துக்குப் போகட்டும், குமுளி குடோனே போதும். மாதம் ஒருமுறை அந்தப் பேக்கப்பை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14ஓடு நின்றுவிட்டது. இன்னும் அதிலேயே ஓடும் கணினியில் வங்கி வேலை வேண்டாம். தோட்டத்திலும் குடோனிலும் வைத்திருக்கும் சிசிடிவியின் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு ஆஸ்பத்திரியின் கேமரா காட்சிகள் 2025ல் வெளியே விற்பனைக்குப் போனது, நிறுவியபோது இருந்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டதால்தான்.

நீங்கள் எவ்வளவு கவனமாக இருந்தாலும் வேறொருவர் வழியாக வரும் அடியும் உண்டு. 2024 ஜூலை கடைசியில் சி-எட்ஜ் என்ற தொழில்நுட்ப நிறுவனம் ரான்சம்வேரில் சிக்கியபோது, அதை நம்பியிருந்த ஏறக்குறைய 300 கூட்டுறவு, கிராம வங்கிகளின் யுபிஐ உள்ளிட்ட சேவைகள் தற்காலிகமாக நின்றன. அந்த வங்கிகள் மேல் தவறில்லை. ஆனால் அங்கே மட்டும் கணக்கு வைத்திருந்த வியாபாரிக்கு அன்று கூலி கொடுக்க வழியில்லை. எல்லாப் பணத்தையும் ஒரே வங்கியில் வைக்காதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

அப்புறம் உங்கள் அப்பா. இதை எழுதும்போது மனது கனக்கிறது, ஏனென்றால் இதில் மாட்டுகிறவர்கள் வாழ்நாள் முழுக்கச் சட்டத்துக்குப் பயந்து நேர்மையாக இருந்தவர்கள். "உங்கள் ஆதாரில் எடுத்த சிம்மில் குற்றம் நடந்திருக்கிறது", "உங்கள் பெயரில் போன பார்சலில் போதைப்பொருள்" என்று தொடங்கும். வீடியோவில் காக்கிச் சட்டை, பின்னால் அசோகச் சின்னம். கேமராவை அணைக்கக் கூடாது, வீட்டில் யாரிடமும் சொல்லக் கூடாது, விசாரணை முடியும்வரை பணத்தை "அரசுக் கணக்குக்கு" மாற்ற வேண்டும். இதற்கு டிஜிட்டல் அரெஸ்ட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வர்த்தமான் ஜவுளிக் குழுமத்தின் தலைவரையே 2024ல் போலி உச்ச நீதிமன்ற விசாரணை ஒன்றை வீடியோவில் நடத்திக் காட்டி 7 கோடி பறித்தார்கள். படிப்போ அனுபவமோ இதில் காப்பாற்றுவதில்லை. பயமும் தனிமையும்தான் அவர்களின் ஆயுதம்.

இந்தியச் சட்டத்தில் டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்று கிடையாது. பிரதமரே 2024 அக்டோபரில் வானொலியில் இதைச் சொன்னார். விசாரணைக்கு ஆஜராகச் சொல்லும் போலீஸ் நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்புவது செல்லாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதே நீதிமன்றம் 2025 டிசம்பரில் இந்த மோசடிகளை விசாரிக்கும் பொறுப்பை சிபிஐயிடம் கொடுத்தது. அப்பாவிடம் இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை. "சரிங்க, என் மகன் வந்ததும் பேசச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு போனை வைக்கச் சொல்லுங்கள், அவர்கள் எவ்வளவு கத்தினாலும். "யாரிடமும் சொல்லாதே" என்று ஒருவன் சொன்னால் உடனே உங்களிடம் சொல்ல வேண்டும், சொன்னால் நீங்கள் திட்ட மாட்டீர்கள் என்ற நம்பிக்கை அவருக்கு இருக்க வேண்டும். வங்கியிலிருந்து என்று வரும் அழைப்புகளுக்கு 1600 என்று தொடங்கும் எண் வரிசை ஒதுக்கியிருக்கிறார்கள். வங்கிகளின் இணைய முகவரியும் இப்போது "பேங்க் டாட் இன்" என்று முடியும். பத்து இலக்க மொபைல் நம்பரிலிருந்து வங்கி மேலாளர் என்று பேசினால் அவரிடம் எதையும் சொல்ல வேண்டாம்.

உங்கள் டிரைவர்களிடம் சொல்ல வேண்டியது வேறு. தமிழ்நாட்டு வண்டி கேரளாவில் ஓடும்போது கேமராவில் அபராதம் விழுவது சகஜம். அதனால் "பரிவாகன் அபராதம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஏபிகே கோப்பு (ஆண்ட்ராய்டு போனில் ஆப்பை நிறுவும் கோப்பு) வந்தால் சந்தேகமே வராமல் நிறுவிவிடுகிறார்கள். அது எஸ்எம்எஸ்ஸைப் படிக்கும் உரிமையைக் கேட்கும், கொடுத்தால் ஓடிபி எல்லாம் அங்கே போய்விடும். கல்யாணப் பத்திரிகை, பிஎம் கிசான் பட்டியல் என்ற பெயரிலும் இதே கோப்புதான் சுற்றுகிறது. எந்த அரசுத் துறையும் வாட்ஸ்அப்பில் ஏபிகே அனுப்பாது. அபராதம் இருக்கிறதா என்பதை அரசின் போக்குவரத்துத் தளமான பரிவாகனில் வண்டி எண்ணைப் போட்டு நேராகவே பார்க்கலாம். தெரியாமல் நிறுவிவிட்டால், முதலில் டேட்டாவை அணைத்து, சிம்மைக் கழற்றி, வேறு போனிலிருந்து வங்கிக்கு அழையுங்கள். அதன்பிறகு போனை முழுக்க அழித்துத் திரும்ப அமைக்கலாம்.

விடியற்காலை ஜீப்பில் மலையேறும் தொழிலாளர்கள் இதில் இன்னும் மோசமாக அடிபடுகிறார்கள், அவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. "உன் பாஸ்புக்கும் ஏடிஎம் கார்டும் சிம்மும் கொடு, மாசம் ஒரு தொகை தர்றேன்" என்று கேட்டு வாங்கிப் போகிறார்கள். திருடிய பணம் அந்தக் கணக்குகள் வழியாகத்தான் ஓடுகிறது. நாடு முழுக்க 700க்கு மேற்பட்ட கிளைகளில் இப்படி எட்டரை லட்சம் கணக்குகள் இருப்பதாக 2025ல் சிபிஐ கண்டுபிடித்தது. போலீஸ் வரும்போது கணக்குக்காரர்தான் முதல் குற்றவாளி. இரண்டு மாதக் கூலிக்குச் சமமான பணத்துக்காக ஜெயிலுக்குப் போகிறார்கள். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை என்று சொல்லி மியான்மருக்கும் கம்போடியாவுக்கும் கொண்டுபோய், அங்கே கட்டாயப்படுத்தி இதே மோசடி அழைப்புகளைச் செய்ய வைத்த தமிழ், மலையாள இளைஞர்களும் உண்டு. உங்களிடம் வேலை பார்ப்பவர்களிடம் வாரச் சம்பளம் கொடுக்கும்போது இரண்டு வார்த்தை சொல்லுங்கள். அவர்கள் கைரேகை வைத்துப் பணம் எடுப்பவர்களாக இருந்தால், ஆதார் ஆப்பில் கைரேகையைப் பூட்டி வைக்கவும், எடுக்கும்போது மட்டும் திறக்கவும் கற்றுக்கொடுங்கள்.

இதன் இன்னொரு முனை வியாபாரி கழுத்துக்கு வருகிறது. முன்பின் தெரியாத ஒருவர் யுபிஐயில் பணம் போட்டுக் காய் வாங்கிப் போவார். அது திருட்டுப் பணமாக இருந்தால், எங்கோ ஒரு மாநிலத்துப் போலீஸ் கடிதம் எழுதி உங்கள் நடப்புக் கணக்கையே முடக்கிவிடும். சர்ச்சைக்குரிய தொகையை மட்டும் நிறுத்தி வைத்தால் போதும், முழுக் கணக்கையும் முடக்கக் கூடாது என்ற வகையில் கேரள உயர் நீதிமன்றம் 2023ல் உத்தரவிட்டிருக்கிறது. பில், இ-வே பில், சரக்கு வாங்கியவரின் அடையாளம் மூன்றும் கையில் இருந்தால் பேச வழி உண்டு. அறிமுகமில்லாதவருக்குப் பில் இல்லாமல் விற்றிருந்தால் சிரமம்தான்.

சட்டக் கடமைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கணினிக்குள் ஊடுருவல் நடந்தது தெரிந்தால் ஆறு மணி நேரத்துக்குள் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் உத்தரவு. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023ல் வந்து, விதிகள் 2025 நவம்பரில் வந்துவிட்டன. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் இருக்கிறது. தொழிலாளர்களின் ஆதார் நகல்களை வாட்ஸ்அப் குழுவில் போட்டு வைக்கும் பழக்கத்தை இப்போதே விட்டுவிடுங்கள்.

கடைசியாக, பணம் போய்விட்டால் என்ன செய்வது. இணைய மோசடிப் புகாருக்கான அரசு உதவி எண் 1930க்கு அழையுங்கள், அந்த நிமிஷமே. வங்கி திறக்கட்டும், மகன் வரட்டும், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். திருடிய பணம் முதல் கணக்கிலிருந்து இரண்டாவது, மூன்றாவது என்று மணிக்கணக்கில் சிதறும், சிதறுவதற்கு முன் பிடித்தால்தான் நிறுத்தி வைக்க முடியும். பரிவர்த்தனை எண், எந்தக் கணக்கிலிருந்து எந்தக் கணக்குக்கு, எத்தனை மணிக்கு என்ற விவரங்களைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். லைன் கிடைக்கவில்லை என்றால் தேசிய சைபர் கிரைம் தளத்தில் நேராகப் பதியலாம். உங்கள் வங்கிக்கும் தனியாகச் சொல்லி, புகார் எண் வாங்குங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, உங்கள் மேலும் வங்கி மேலும் தவறில்லாமல் மூன்றாவது ஆளால் நடந்த திருட்டை மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால் உங்களுக்கு இழப்பில்லை. ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால்கூட, வங்கிக்குத் தெரிவித்த நேரத்துக்குப் பிறகு போகிற பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. அதனால்தான் அந்தப் புகார் எண்ணும் நேரமும் முக்கியம்.

கடை கம்பத்தில், கணக்கு தேனியில், சம்பவம் நடந்தபோது நின்றது குமுளியில் என்றால், "இது எங்கள் எல்லை இல்லை, அந்தப் பக்கம் போங்கள்" என்ற பதில் வரலாம். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவுப்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம். ஜீரோ எஃப்ஐஆர் என்று பெயர் சொல்லியே கேளுங்கள். எழுதிய புகார், வங்கி ஸ்டேட்மென்ட், ஸ்கிரீன்ஷாட், 1930 புகார் எண் இவற்றின் நகலோடு போங்கள். வாட்ஸ்அப் உரையாடலையும் அந்த மெயிலையும் கோபத்தில் அழித்துவிடாதீர்கள்.

புகார் கொடுத்த சில நாளில் இன்னொரு போன் வரும்: "உங்கள் பணம் மீட்கப்பட்டுவிட்டது, விடுவிக்க இவ்வளவு கட்டணம்." பணம் இழந்தவர்கள் பட்டியலையும் இவர்கள் கைமாற்றிக்கொள்கிறார்கள். 1930க்கோ போலீஸுக்கோ நீதிமன்றத்துக்கோ போனில் கட்டணம் கட்டிப் பணத்தைத் திரும்ப வாங்கும் முறை எதுவும் கிடையாது. அந்த நம்பரையும் அதே புகாரில் சேர்த்துக் கொடுங்கள்.